பச்சைத் தலைமுடியும் மூன்று சுருதிகளும்

கற்பிட்டிக்குப் போகும் எண்ணத்துடன், அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம். கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் பெருந்தெருவிலிருந்து கற்பிட்டி வீதி பிரிந்து செல்லும் இடம் அது. உப்பாலும் சீமெந்தாலும் பெயர் பெற்ற இவ்வூரின் சந்தியில் நிற்பவர்களுள் பெரும்பாலானோர் வேறு எங்கேனும் செல்ல வந்தவர்களே. வெயிலுக்கு அஞ்சி நாம் ஒதுங்கிய தேநீர்க்கடையின் வாயிலில், எங்கும் செல்லும் நோக்கமில்லாத இளைஞன் ஒருவன் அமர்ந்திருந்தான்.

அவனுக்கு வயது பதினெட்டுக்கு மேல் இராது. தலைமுடி கிளிப்பச்சை நிறம். முழங்காலில் கிழிந்த நீலக் காற்சட்டை. கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டங்கள் அமைந்த சப்பாத்து. கறுப்புச் சட்டையின் மார்பிலே வரிசையாக நான்கு ஊக்குகள். மடியிலே ஒரு கிற்றார்.

“பாத்தீங்களா சேர், இது எங்கட மகன்தான்,” என்று தேநீரை நம்முன் வைத்தவாறே சொன்னார் கடைக்காரர். சொல்லும்போதே அவர் குரல் தாழ்ந்தது. “எங்கட வாப்பா தொண்ணூறாம் ஆண்டு ஒரே ஒரு பையோட எங்கள இங்க கூட்டி வந்தார். ஊராரிட கண்ணுல வித்தியாசமாப் படக்கூடாதெண்டு நாங்க எவ்வளவு பாடுபட்டோம். இவன் வேணுமெண்டே வித்தியாசமாத் திரியிறான்.”

நேயர்களே, அந்த மனிதரின் துயரத்தை நாம் அற்பமாக எண்ணுதல் தகாது. 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுள் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். பாலாவியும் அவர்களை ஏற்ற ஊர்களுள் ஒன்று. முகாமில் வளர்ந்து, அயலவரோடு இணங்கி வாழ்ந்து, கடை ஒன்றை உண்டாக்கிய தந்தைக்கு, மகனின் பச்சைத் தலை வெறும் அலங்காரமாகத் தோன்றாது. அது ஓர் அபாய அறிவிப்பாகவே தோன்றும்.

மகனிடம் விசாரித்தோம். “இது பொப் பங்க், அங்கிள்,” என்றான் அவன். அதற்கு மேல் அவன் கூறியது அதிகம் இல்லை. ஆகவே, அவன் கூறாமல் விட்டதையும் சேர்த்து, இத்தகைய பிள்ளைகளைப் பெற்றிருக்கும் குடும்பங்களின் பொருட்டு இங்கே எழுத முற்படுகிறோம்.

இப்பெயர் வந்த வழி

பங்க் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் போக்கிரி, உதவாக்கரை என்றெல்லாம் பொருள் கூறலாம். வசையாக வந்த அச்சொல்லைச் சில இளைஞர் தாமே விரும்பிச் சூடிக்கொண்டனர். 1974 இல் நியூயோர்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் நால்வர் ‘றமோன்ஸ்’ என்ற குழுவை அமைத்தனர். இரத்த உறவு சிறிதும் இல்லாத அந்நால்வரும் உடன்பிறந்தார் போலத் தம் பெயருக்குப் பின்னால் றமோன் என்ற ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டனர். 1976 இல் வெளிவந்த அவர்களது முதல் இசைத்தட்டில் பதினான்கு பாடல்கள். எல்லாவற்றையும் கேட்டு முடிக்க அரைமணி நேரமும் செல்லாது. அக்காலத்து ரொக் இசைக்குழுக்கள் ஒரே பாட்டைப் பத்து நிமிடம் இழுத்து வந்தபோது, இவர்கள் இரண்டு நிமிடத்தில் வந்த காரியத்தை முடித்துக்கொண்டு போனார்கள். அந்நால்வரும் இன்று உயிருடன் இல்லை; அவர்கள் வகுத்த வழி நிலைத்திருக்கிறது.

இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரிலே ‘பஸ்கொக்ஸ்’ என்ற குழுவினர், நண்பரிடமும் குடும்பத்தாரிடமும் ஏறத்தாழ ஐந்நூறு பவுண் கடன் வாங்கித் தம் முதல் இசைத்தட்டை 1977 சனவரியில் தாமே வெளியிட்டனர். பெரிய கம்பனியின் தயவை நாடி அவர்கள் நிற்கவில்லை. கலகக்காரர் எனப் பேர்பெற்ற இளைஞருக்கும் முதற்பணம் வீட்டிலிருந்தே வந்தது என்பதைப் பெற்றோர் கவனிப்பாராக.

இக்கலக இசையின் வேகத்தோடு, எளிதில் வாயில் வந்து ஒட்டிக்கொள்ளும் இனிய மெட்டையும் சேர்த்தால் கிடைப்பதே பொப் பங்க். 1994 இல் கலிபோர்னியாவின் ‘கிறீன் டே’ குழு வெளியிட்ட ‘டூக்கி’ என்ற இசைத்தட்டு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகி இதனை உலகெங்கும் கொண்டு சென்றது. 1999 இல் ‘பிளிங்க் 182’ குழுவின் இசைத்தட்டு அதன் புகழை மேலும் பரப்பியது. இப்பாடல்களின் பொருள் பெரும்பாலும் அரசியல் அன்று. சிற்றூரில் பொழுது போகாமை, வீட்டில் சச்சரவு, கைகூடாத காதல், நெஞ்சு படபடக்கும் பயம், இவ்வூரை விட்டு எங்கேனும் போய்விடவேண்டும் என்ற தவிப்பு ஆகியனவே அவற்றில் மீண்டும் மீண்டும் வருகின்றன. கிறீன் டேயின் தலைமைப் பாடகரான பில்லி ஜோ ஆம்ஸ்ட்ரோங் பத்து வயதிலே தந்தையை இழந்தவர். தமக்கு நேர்ந்த மனப்பதற்றத்தையே பாட்டாக்கிப் பாடினார். வெளியிலே கூச்சல், உள்ளே கலக்கம். ‘இப்பிள்ளை ஏன் இப்படிக் கத்துகிறான்?’ என்று கேட்கும் தாய்தந்தையர் இவ்வுண்மையை மனத்திற்கொள்ளுதல் நலம்.

சட்சமும் பஞ்சமமும்

“இரைச்சலைத் தவிர இதில் என்ன இருக்கிறது?” என்பது பலரது கேள்வி. கர்நாடக இசை கேட்டுப் பழகியவருக்கு விடை எளிது. இவ்விசைக்கு உயிராக விளங்கும் கிற்றார்ச் சேர்க்கையில் இரண்டே சுரங்கள் உண்டு. ஒன்று ஆதாரச் சட்சம். மற்றொன்று அதன் பஞ்சமம். மகிழ்ச்சியா துயரமா என்று காட்டும் காந்தாரம் அதில் இல்லை. நமது தம்புராவில் மீட்டப்படும் அதே ச-ப இணைவே மின்சாரக் கிற்றாரில் உறுமலாக வருகிறது. கிற்றாரின் ஓசையை வேண்டுமென்றே கரகரப்பாக்கும்போது மூன்றாம் சுரம் சேர்ந்தால் ஒலி குழம்பிவிடும். சட்சமும் பஞ்சமமும் மட்டும் நின்றால் குழம்பாது. எனவே இது அறியாமையால் வந்த எளிமை அன்று. காரணத்தோடு கூடிய எளிமை.

விரல்களை ஒருமுறை அமைத்துக்கொண்டால், அதே அமைப்பைத் தந்தியின்மேல் நகர்த்தி நகர்த்தி முழுப் பாட்டையும் வாசித்துவிடலாம். 1970 களில் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு சிறு கைப்பத்திரிகை, மூன்று சுருதிச் சேர்க்கைகளின் படத்தைக் கோணல்மாணலாக வரைந்து, இவை போதும், போய் ஒரு குழுவை அமை என்ற கருத்தில் வாசகரை ஏவியது. பத்தாண்டுப் பயிற்சியும் பணமும் உள்ளவருக்கே மேடை உரியது என்ற எண்ணத்தை அப்பக்கம் அசைத்தது. வித்துவத்தை அது இகழவில்லை. வித்துவம் வரும்வரை வாயைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்றது.

உடையும் ஒழுக்கமும்

கிழிசலும் ஊக்கும் இந்த வழக்கத்துள் புகுந்தது 1970 களின் நடுப்பகுதியிலே. வேலையற்ற இளைஞர் பழைய உடையைக் கிழித்தும் ஒட்டுப்போட்டும் தமக்கென ஒரு கோலம் கண்டனர். ஆயினும் அதே காலத்தில் இலண்டன் கிங்ஸ் வீதியிலே விவியன் வெஸ்ற்வூட் அம்மையார் அத்தகைய உடைகளைக் கடையில் வைத்து விற்கவும் செய்தார். இன்று இயந்திரத்தால் அளவாகக் கிழிக்கப்பட்ட காற்சட்டை, கிழியாததைவிடக் கூடுதல் விலைக்கு விற்கப்படுகிறது. ஆகவே, கிழிசலை விலைகொடுத்து வாங்குபவன் வாடிக்கையாளன் மட்டுமே. உள்ளதைத் தன் கையால் மாற்றி அமைப்பவனே அந்த வழிக்கு உரியவன். பாலாவி இளைஞனின் காற்சட்டையை நாம் உற்று நோக்கினோம். கிழிசலின் உட்புறத்தே பழைய சாரத் துணியை வைத்துக் கையால் தைத்திருந்தான். தையல் நேராக இல்லை. ஆயினும் அவன் தையலே அது.

குடிக்கும் போதைக்கும் இது வழியாகிவிடுமோ என்ற அச்சம் பெற்றோருக்கு இயல்பே. இவ்வுலகில் குடித்தும் போதையுண்டும் கெட்டவர் பலர் என்பதை மறைக்கமாட்டோம். எனினும் மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் பேர்க்லி நகரில் 924 கில்மன் வீதியில் 1986 இன் இறுதிநாளில் தொடங்கிய ஒரு மன்றத்தில், மது கூடாது, போதைப்பொருள் கூடாது, அடிதடி கூடாது, இனவெறி கூடாது என்று விதி வகுத்தனர். கிறீன் டே குழு பயின்று வளர்ந்த இடம் அதுவே. பெரிய கம்பனியோடு அக்குழு ஒப்பந்தம் செய்தபோது, அம்மன்றம் தன் விதிப்படி அதற்கும் மேடை மறுத்தது. வாசிங்ரன் நகரின் ‘மைனர் திரெட்’ குழுவோ 1981 இல், குடியும் புகையும் போதையும் வேண்டா என்ற ஒரு விரதத்தையே பாட்டாக்கிற்று. மதுச்சாலைகளில் வயது குறைந்தோரின் கையில் இடப்பட்ட கறுப்புப் புள்ளடியை, குடியாமையின் பெருமைச் சின்னமாக இளைஞர் விரும்பி வரைந்துகொள்ளத் தொடங்கினர். மகனின் புறங்கையில் அக்குறியைக் காணும் தந்தை கலங்கவேண்டியதில்லை.

நம்மவர்க்கு இது புதிதா?

இசையில் இளைஞர் கலகம் என்பது இலங்கைத் தமிழருக்குப் புதிதன்று. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் கிற்றாரும் பைலாத் தாளமுமாகத் தமிழ்ப் பொப்பிசையைக் கொண்டுவந்த காலத்தில், இதுவும் ஓர் இசையா என்று முகஞ்சுளித்த பெரியோர் எத்தனை பேர்! அன்று வானொலிப் பெட்டியை அணைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ‘சின்ன மாமியே’ பாட்டைத் திருமண வீட்டில் பாடி ஆடுகிறார்கள். 2018 இல் மனோகரன் மறைந்தபோது முதியோரும் இளையோரும் ஒருங்கே வருந்தினர்.

பங்க் உலகத்தோடு நேராகவே தொடர்புற்ற தமிழ்ப்பெண் மாதங்கி அருள்பிரகாசம். ‘எம்.ஐ.ஏ.’ என்ற பெயரால் உலகறிந்தவர். 1975 இல் இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986 இல் தாயோடும் உடன்பிறந்தாரோடும் அகதியாக மீண்டும் இலண்டன் சென்றவர். முறையாக இசை பயிலாத அவர், ஒரு தாள இயந்திரத்தை வைத்துக்கொண்டு தம் முதற் பாட்டுகளை ஆக்கினார். 2005 இல் வந்த இசைத்தட்டுக்குத் தந்தையின் இயக்கப் பெயரான ‘அருளர்’ என்பதையும், 2007 இல் வந்ததற்குத் தாயின் பெயரான ‘கலா’ என்பதையும் சூட்டினார். அதில் இடம்பெற்று உலகெங்கும் ஒலித்த ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்ற பாட்டின் பின்னணி, இலண்டனின் புகழ்பெற்ற பங்க் குழுவான ‘த கிளாஷ்’ 1982 இல் வெளியிட்ட ஒரு பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. கோலத்தால் அந்நியராய்த் தோன்றிய மகள், தாய்தந்தையரின் பெயரையே உலகின் வாயில் வைத்தார்.

இன்னும் அருகே வருவோம். பாலாவிக்கு அயலான சிராம்பியடியில் ஆபிரிக்க வழிவந்த இலங்கையர் வாழ்கின்றனர். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகியோர் அடிமைகளாகவும் படைவீரராகவும் கொண்டுவந்த மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களது ‘மஞ்ஞா’ப் பாட்டுக்கு விலையுயர்ந்த வாத்தியம் தேவையில்லை. சிரட்டை, கரண்டி, கண்ணாடிப் போத்தல், றபான், அமர்ந்திருக்கும் கதிரை ஆகிய எல்லாமே தாளக்கருவிகள். போர்த்துக்கீசக் கலப்பு மொழியிலமைந்த சில அடிகளே மீண்டும் மீண்டும் வரும். மெல்லத் தொடங்கி வேகமெடுத்து, ஈற்றில் எழுந்து ஆடாதவர் இல்லை என்னும் நிலை வரும். அம்மொழியை அன்றாடம் பேசுவோர் அருகிவிட்ட போதிலும், பாட்டிலே அது உயிர் வாழ்கிறது. சில அடிகள், பெருவேகம், கையில் அகப்பட்டதே கருவி. இதனைக் கற்க நியூயோர்க்குக்குப் போகவேண்டுமா?

மழித்த தலைகள்

“முடியை ஒட்ட வெட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்று கடைக்காரர் ஒருகட்டத்தில் சொன்னார். அம்முறையைப் பெரிய அளவில் செய்து பார்த்த இடம் ஒன்று உண்டு. 2011 திசம்பரில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே நகரில், பங்க் இசை நிகழ்ச்சியொன்றுக்கு வந்த அறுபதுக்கு மேற்பட்ட இளைஞரைப் பொலிசார் பிடித்தனர். தலைகளை மழித்து, ஏரியில் இறக்கிக் குளிப்பாட்டி, பத்து நாட்கள் பயிற்சி முகாமில் வைத்திருந்தனர். முடி மீண்டும் வளர்ந்தது. அந்நாட்டில் அவ்விசை ஒழிந்துவிடவுமில்லை.

அதே இந்தோனேசியாவில், மேற்கு ஜாவாவின் காரூத் பகுதிக் கிராமத்து முஸ்லிம் மாணவியர் மூவர் 2014 இல் ‘வொய்ஸ் ஒப் பாசெப்ரொட்’ என்ற குழுவை அமைத்தனர். அவர்களுடையது பொப் பங்க் அன்று. அதற்கு உறவான கனத்த ரொக் இசை. அவர்களுக்கு அவ்விசையை அறிமுகம் செய்தவர் பள்ளி ஆசிரியர் ஒருவர். ஏச்சும் எதிர்ப்பும் வந்தன. தலையை மறைக்கும் முக்காட்டை அகற்றாமலே கிற்றாரையும் முரசையும் விடாது பற்றியிருந்த அப்பெண்கள், 2024 இல் இங்கிலாந்தின் கிளாஸ்ரன்பரிப் பெருவிழா மேடையில் வாசித்தனர். இந்தோனேசியாவிலிருந்து அம்மேடை ஏறிய முதற் குழு அவர்களுடையதே. இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பு அறிஞருக்கு உரியது. நாம் அதில் தலையிடோம். கண்டித்து அடக்க முயன்றவர்களுக்கும், பக்கத்தில் நின்று வழிகாட்டிய ஆசிரியருக்கும் கிடைத்த பயனை மட்டும் நேயர் ஒப்பிட்டுப் பார்ப்பாராக.

வீட்டுக்குச் சில சொற்கள்

பிள்ளைகளுக்கு முதலில் சொல்வோம். கரிய முடியில் பச்சையும் நீலமும் ஏறவேண்டுமானால், முதலில் இரசாயனத்தால் இயற்கை நிறத்தை அகற்றவேண்டும். அது தலைத்தோலைச் சுடக்கூடியது. ஆகவே அனுபவமுள்ளவர் கையால் செய்விப்பதே நன்று. கருஞ்சாயங்களில் உள்ள பி.பி.டி. என்னும் பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். எந்தச் சாயமாயினும் 48 மணி நேரம் முன்னதாகச் சிறிதளவைத் தோலில் தடவிப் பார்த்தபின்னரே தலையில் இடவேண்டும். ஊக்கினால் காதையோ மூக்கையோ தாமே துளைத்துக்கொள்ளுதல் கூடவே கூடாது. ஊக்கு சட்டையோடு நிற்கட்டும். காதுக் கருவியில் ஒலியை அறுபது வீதத்துக்கு மேல் உயர்த்தாதிருப்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் அறிவுரை. ஒருமுறை கெட்ட செவிப்புலன் திரும்பி வாராது.

பெற்றோருக்கு ஒன்றே சொல்வோம். பிள்ளையின் தலையை நோக்குமுன் கையை நோக்குங்கள். அக்கை எதையேனும் ஆக்குகிறதா, அன்றி வாங்கிக் குவிக்க மட்டும் நீள்கிறதா என்று பாருங்கள். வாங்கிக் குவிப்பதாயின் கண்டிக்கலாம். தைக்கிறது, எழுதுகிறது, மீட்டுகிறது என்றால் சற்றே பொறுத்திருங்கள். அப்பிள்ளையின் பாட்டு முழுவதும் துயரமாகவே இருக்குமாயின், முடியின் நிறத்தை விட்டுவிட்டுத் துயரத்தின் காரணத்தை அன்போடு கேளுங்கள்.

நாம் கேட்டுக்கொண்டதற்கிணங்க அவ்விளைஞன் தான் இயற்றிய பாட்டைக் கிற்றாரோடு பாடினான். சந்தியில் எல்லாரும் பஸ்ஸுக்காக நிற்பதும், அப்பா என்று தான் அழைக்கும் பாட்டனார் கொண்டுவந்த பை இன்னும் அலுமாரியின்மேல் இருப்பதும், அதைத் திறந்து பார்க்க எவரும் துணியாததும் அதில் வந்தன. கடைக்காரர் கையிலிருந்த கோப்பையைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

“சொல் விளங்குதில்ல மகன். ஆறுதலாப் படி,” என்றார்.

“இத வேகமாத்தான் படிக்கணும் வாப்பா.”

தந்தை சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், கதிரையொன்றை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

“சரி. இன்னொருக்காப் படி.”

கற்பிட்டி பஸ் வந்து போனதை நாமும் கவனிக்கவில்லை.